இரண்டாம் வருடப் படம்

ஆஸ்பத்திரியில் எனக்கு விடாக்கண்டி என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் நான் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. பதினொரு வருடமாக ரத்தக்குழாய்ப் பிரிவில் என் வேலையே ஆட்களை விடாமல் துரத்துவதுதான். டாக்டர்கள் வைத்தியம் பார்த்து அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த மனிதர் இருக்கிறாரா, இருந்தால் எப்படி இருக்கிறார் என்று போன் போட்டுக் கேட்டு, பரிசோதனைக்கு வரவழைத்து, எழுதிவைப்பது நான்.

எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரே வியாதி. வயிற்றுக்குள் இறங்கும் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் வீங்கிப்போயிருக்கும். வருடக்கணக்கில் புகைபிடித்த, அறுபதைத் தொட்ட ஆண்கள்தான் அதிகம். வீக்கம் வெடித்தால் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்குள்ளேயே பலர் போய்விடுவார்கள். முன்பெல்லாம் வயிற்றைத் திறந்து சரிசெய்தார்கள். இப்போது தொடையில் சின்னதாகத் துளை போட்டு, துணி போர்த்திய ஒரு கம்பிக்குழாயை ரத்தக்குழாய் வழியாகவே மேலே அனுப்பி, வீங்கிய இடத்தில் விரித்துவிடுகிறார்கள். ரத்தம் புதுக் குழாய்க்குள் ஓடும், வீக்கத்தின் மேல் மோதாது. மூன்றாம் நாள் ஆள் வீட்டுக்குப் போய்விடலாம்.

அந்த மூன்றாம் நாள்தான் எனக்கு எதிரி. இவ்வளவு சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டதால் எல்லாரும் குணமாகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். யாரும் குணமாகவில்லை. வீக்கத்தைக் காவலில் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். குழாய் நழுவலாம், ஓரத்தில் கசியலாம், வலி எதுவும் இல்லாமலே வீக்கம் மறுபடி வளரலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி வருடா வருடம் ஸ்கேன் எடுப்பதுதான். அதை நாங்கள் படம் என்போம்.

"நல்லா இருக்கேம்மா, கல்லாட்டம் இருக்கேன்" என்பார்கள் போனில்.

"நல்லா இருக்கீங்களான்னு நான் கேக்கலங்க. படம் எடுத்தீங்களான்னு கேட்டேன்."

"ஒண்ணும் பண்ணலயே, எதுக்குப் படம்?"

"ஒண்ணும் பண்ணாம இருக்கும்போதுதான் எடுக்கணும். பண்ணின பிறகு எடுக்கறதுக்கு நான் எதுக்கு?"

இப்படித்தான் பேசுவேன். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் எங்கள் பட்டியலில் காணாமல்போனவர்கள் மிகக் குறைவு. படம் எடுக்க வேண்டிய தேதி தாண்டியவர்களின் பெயரைக் கம்ப்யூட்டர் சிவப்பில் காட்டும். காலையில் உட்கார்ந்ததும் அந்தச் சிவப்புப் பெயர்களைத்தான் முதலில் பார்ப்பேன். ஒவ்வொன்றாகக் கறுப்பாக்குவதில் எனக்கு ஒரு வெறியே உண்டு.

அண்ணனுக்கும் இதே வியாதி வந்தது. சிறுநீரகக் கல்லுக்கு வயிற்றைப் பார்க்கப்போய், இது அகப்பட்டது. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தெட்டு வருடம் பிறர் வீட்டு மாடிகளில், இருட்டுக் கூண்டுகளில், கிரீஸும் பீடியுமாகக் கழித்தவன். அவனுக்கும் எங்கள் பிரிவில்தான் குழாய் வைத்தோம். ஒரு மாதப் படம் நன்றாக இருந்தது. முதல் வருடப் படத்தில் வீக்கம் ஐந்து புள்ளி ஒன்பது சென்டிமீட்டரிலிருந்து ஐந்து புள்ளி ஆறாகக் குறைந்திருந்தது. அந்தச் சீட்டை அண்ணன் பரீட்சையில் தேறிய பையன் மாதிரி அண்ணியிடம் நீட்டினான். பீடியையும் விட்டுவிட்டான்.

நான் இருப்பது அவர்களோடுதான். என் கல்யாணம் ஏழு மாதத்தில் முறிந்தது, அது சொல்லும் அளவுக்கு ருசியான கதை இல்லை. அன்றிலிருந்து அவர்கள் வீட்டு மாடி அறை என்னுடையது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஐம்பத்திரண்டு வயதிலும் அண்ணனுக்கு நான் பாப்பாதான்.

இரண்டாம் வருடப் படத்துக்கு மூன்று முறை நாள் குறித்தேன். மூன்று முறையும் டிமிக்கி கொடுத்தான். ஒருநாள் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. இன்னொரு நாள் ஜலதோஷம். உண்மையான காரணம் எனக்குத் தெரியும். படம் எடுக்கும்போது நரம்பில் ஏற்றும் மருந்து அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி இருக்கும், அன்று முழுக்க வாந்தி எடுப்பான். நான் ஊரையே மிரட்டுகிறவள், இவனிடம் மட்டும் என் மிரட்டல் எடுபடாது.

"தினமும் என் மூஞ்சியில முழிக்கிறியே பாப்பா, அதைவிடப் பெரிய பரிசோதனை என்ன இருக்கு?" என்பான்.

அந்த வருடம் பெரிய டாக்டர் எங்கள் பிரிவின் முழு விவரத்தையும் ஒரு வெள்ளிக்கிழமைக்குள் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். வியாழக்கிழமை சாயங்காலம் இருநூற்றுப் பதினொரு பெயர்கள் கறுப்பு. ஒன்றே ஒன்று சிவப்பு. அது என் அண்ணன்.

ஊருக்கெல்லாம் படம் எடுக்க வைத்துவிட்டு உன் வீட்டு ஆளை விட்டுவிட்டாயா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்றுதான் நினைத்தேன். அவன் காலையில் நாலு மாடி ஏறி இறங்கிவிட்டு வந்து காபி குடித்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன். அடுத்த வாரம் காதைப் பிடித்து இழுத்துவந்தாவது எடுத்துவிடலாம். 'படம்: எடுக்கப்பட்டது, வெளியிடத்தில். அளவு: 5.6. கசிவு: இல்லை' என்று அடித்தேன். பெயர் கறுப்பானது. எனக்கு அப்போது ஒரு நிம்மதிகூட வந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "உன்னால இன்னிக்குப் பொய் எழுதிட்டு வந்திருக்கேன். படம் எடுத்தாச்சு, நல்லா இருக்குன்னு போட்டுட்டேன். அடுத்த வாரம் ஒழுங்கா வந்து படுக்கற."

அண்ணன் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. "கயிறைப் பாக்காம அட்டையில கையெழுத்துப் போட்டுட்டியா?" என்றான்.

லிஃப்டுக்குள் ஓர் அட்டை தொங்கும். இழுவைக் கயிறைத் தடவிப்பார்த்த பிறகுதான் மெக்கானிக் அதில் கையெழுத்துப் போட வேண்டும். பார்க்காமல் போட்ட ஒருவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியதை அண்ணன் நேரில் கண்டவன்.

"வெளிய தெரிஞ்சா உன்னை என்ன பண்ணுவாங்க?" என்றான்.

"தெரியாது. நீ வந்து படுத்தா எல்லாம் சரியாயிடும்."

அடுத்த வாரம் படம் எடுக்கும் இயந்திரம் பழுது. அதற்கடுத்த வாரம் அண்ணிக்குக் கண்ணில் ஆபரேஷன். அப்புறம் எனக்கு மறந்தே போயிற்று. இதைத்தான் யாராலும் நம்ப முடியாது. நான் ஞாபகத்தால் வேலை செய்கிறவள் இல்லை, சிவப்பால் வேலை செய்கிறவள். அவன் பெயர் கறுப்பாகிவிட்டது. தினமும் காலையில் நான் தேடிய இடத்தில் அவன் இல்லை. மற்றவர்கள் யாராவது மறந்தால் அவர்களை எழுப்ப நான் இருந்தேன். அண்ணனை எழுப்ப ஆளில்லை, ஏனென்றால் அந்த ஆளும் நானே.

எட்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரு கட்டடத்தின் உச்சியில் லிஃப்ட் மோட்டார் அறையில் முதுகைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். கூட வேலைசெய்தவர்கள் தூக்கிக்கொண்டு நேராக எங்களிடமே வந்தார்கள். நான் மேஜையை விட்டு ஓடிவந்தபோது படம் எடுக்க உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். குழாயின் மேல்முனை நழுவியிருந்தது. வீக்கம் எட்டு சென்டிமீட்டர், வெடித்திருந்தது. ஆபரேஷன் மேஜையில் போய்விட்டான்.

பெரிய டாக்டர் வெளியே வந்து அண்ணி கையைப் பிடித்துக்கொண்டார். "எட்டு மாசத்துக்கு முந்திகூடப் படம் நல்லா இருந்துதும்மா. நாங்க எதையும் விடல. நூத்துல ஒருத்தருக்கு இப்படி ஆயிடுது."

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். நான் பக்கத்தில் நின்று அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இருபது நாள் கழித்து வேலைக்குப் போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை. அண்ணி வேளாவேளைக்குச் சாப்பாடு போடுவாள், தட்டை எடுத்துவைப்பாள், அறைக்குள் போய்விடுவாள். என் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. துக்கம் என்று நினைத்தேன். இவளுக்குத் தெரிந்தால் என்னை இந்த வீட்டில் வைத்திருப்பாளா என்ற பயமும் எனக்கு இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்பேன். நினைத்ததோடு சரி.

பெரிய டாக்டர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"வந்ததும் வராததுமா உங்களை இதுல இழுக்கறதுக்கு மன்னிக்கணும். வேற யாருகிட்டயும் குடுக்க மனசில்ல. எட்டே மாசத்துல ஐஞ்சு புள்ளி ஆறுல இருந்து எட்டுக்குப் போயிருக்கு. அப்படின்னா வருஷத்துக்கு ஒரு படம் பத்தாது. அண்ணனுக்கு வெச்ச அதே வகைக் குழாய் இன்னும் நாப்பத்தோரு பேருக்கு இருக்கு. எல்லாரையும் கூப்பிடுங்க. இனிமே மூணு மாசத்துக்கு ஒரு தடவை படம்."

"சரி சார்."

"அப்புறம், அண்ணனோட அந்த ரெண்டாம் வருஷப் படம். வெளிய எடுத்ததுன்னு போட்டிருக்கு, படம் நம்மகிட்ட இல்ல. எங்க எடுத்தாங்கன்னு பாத்து வாங்கிடுங்க. வியாழக்கிழமைக் கூட்டத்துல காட்டணும்."

அதற்கும் சரி சார் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், இல்லாத படத்தை எங்கே போய் எடுப்பது?

மேஜைக்கு வந்து பட்டியலில் முதல் எண்ணைச் சுற்றினேன். அவர் ஒரு தையற்காரர். ஒரே சிறுநீரகத்தோடு வாழ்கிறவர், அதுவும் அரைகுறையாகத்தான் வேலைசெய்கிறது. படத்துக்கு ஏற்றும் மருந்து அதற்கு ஆகாது. வருடத்துக்கு ஒருமுறையே யோசித்து யோசித்துத்தான் எடுப்போம்.

"விடமாட்டீங்களே நீங்க!" என்று சிரித்தார். "குழாய் எப்படி இருக்குன்னுதானே? துணி போத்தினது யாரு, தையல் போட்டது யாருன்னு சொல்லுங்க. நான் தெச்சிருந்தா ஜென்மத்துக்கும் பிரியாது."

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டியிருக்கும் என்றேன். அவர் சிரிப்பு நின்றது.

"அந்த மருந்து என் கிட்னிக்கு ஆகாதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"ஆமாங்க."

"இப்ப அதைவிட ஆபத்தா ஏதோ கண்டுபிடிச்சிருக்கீங்க, அப்படித்தானே?" பிறகு அவரே தொடர்ந்தார். "சரிம்மா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். என்னிக்கு வரணும்?"

நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். பதினொரு வருடம் வாய் வலிக்கத் திட்டிச் சம்பாதித்தது அந்த ஒரு வாக்கியம்தான். ஒன்றும் நிச்சயமில்லை, நானே திரும்பக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். என் அண்ணனை மறைத்த பொய் இனி இவர் சிறுநீரகத்தைத் தின்னப்போகிறது. இன்னும் நாற்பது பேர் காத்திருந்தார்கள். எழுந்து பெரிய டாக்டரின் அறைக்குப் போனேன். யோசித்தால் போகமாட்டேன் என்று தெரியும், அதனால் யோசிக்கவில்லை.

"அந்தப் படம் இல்ல சார்."

"எங்க எடுத்தாங்கன்னு தெரியலயா?"

"எடுக்கவே இல்ல. நான்தான் எழுதினேன். முதல் வருஷ அளவையே போட்டேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்குத் திட்டு பழக்கம்.

"எத்தனை பேருக்கு இப்படி எழுதியிருக்கீங்க?" என்றார்.

"ஒருத்தருக்குத்தான் சார். அண்ணனுக்கு மட்டும்தான்."

"ஒருத்தருக்குத்தான்னு நான் எப்படிம்மா நம்பறது?"

பதினொரு வருடம், இருநூற்றுச் சொச்சம் பேர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்து எழுதியவை. அத்தனையும் அந்த ஒரு கேள்வியில் சந்தேகமாகிவிட்டன. எல்லாவற்றையும் வேறு இருவரை வைத்து முதலிலிருந்து சரிபார்க்கச் சொல்லப்போவதாகவும், விசாரணை முடியும்வரை நான் வரவேண்டாம் என்றும் சொன்னார். தையற்காரருக்கு மட்டும் இன்றைக்கே போன் செய்யச் சொல்லுங்கள் சார், பாவம், பயந்துபோயிருக்கிறார் என்றேன். தானே பேசுவதாகச் சொன்னார். நான் கதவருகே போனபோது, "அப்பவே வந்து சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. அண்ணனை மேஜையில் இழந்தவர் அவர்தான்.

மதியத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்த என்னைப் பார்த்து அண்ணி பயந்துபோனாள். சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு? உடம்பு சரியில்லயா?"

"அண்ணி, கையைக் கழுவிட்டு வந்து உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

அவள் உட்காரவில்லை. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி குழாயடியிலேயே நின்றாள். நானும் நின்றுகொண்டே சொன்னேன். "டாக்டர் உங்ககிட்ட சொன்னது பொய் அண்ணி. அவர் மேல தப்பில்ல, நான் எழுதினதை நம்பிச் சொன்னார். அண்ணனுக்கு ரெண்டாம் வருஷம் படமே எடுக்கல. எடுத்த மாதிரி நான் எழுதினேன். எடுத்திருந்தா நழுவினது அப்பவே தெரிஞ்சிருக்கலாம், சரிபண்ணியிருக்கலாம். நான்தான் அண்ணனை..."

"எனக்குத் தெரியும்" என்றாள் அண்ணி.

அன்றைக்கு நான் வீட்டில் கத்தியதை அவளும் கேட்டிருப்பாள் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனால் அவள் சொல்ல வந்தது அது இல்லை.

"சாகறதுக்கு முந்தி ஒரு மாசமா அவருக்கு முதுகுவலி. குனிஞ்சா நிமிர முடியாது. நீ கீழ வர்ற சத்தம் கேட்டா நிமிந்து உக்காந்துப்பார். பாப்பாகிட்ட சொல்லுங்க, இல்லாட்டி நான் சொல்றேன்னேன். கூடவே கூடாதுன்னுட்டார்."

"ஏன்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். நல்லா இருக்குன்னு அவ எழுதி வெச்சிருக்கா. இப்ப நான் வலிக்குதுன்னு போய் நின்னா, பழைய படத்தைக் கேப்பாங்க. அவ மாட்டிப்பா. அந்த வேலைய விட்டா பாப்பாவுக்கு என்ன இருக்கு? மூணாம் வருஷப் படத்துக்கு இன்னும் நாலு மாசம்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டா அப்ப முறைப்படி போய்ப் படுத்துக்கறேன், யாருக்கும் எதுவும் தெரியாதுன்னார். என் தலைமேல கைய வெச்சுச் சத்தியம் வாங்கிட்டார்."

முதுகுவலி என்று ஒரு வார்த்தை என் காதில் விழுந்திருந்தால் அன்றைக்கே அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். வலி என்று யார் சொன்னாலும் ஓடுவதுதானே என் தொழில். அது அவனுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் சொல்லவில்லை. வீக்கம் வளர்ந்தது என் மறதியால் என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் வாயை அடைத்தவளும் நான்தான்.

அண்ணி அழத் தொடங்கியிருந்தாள். "சத்தியமாவது மண்ணாவதுன்னு நான் உங்கிட்ட வந்து சொல்லியிருக்கணும். இத்தனை நாளா உன் மூஞ்சியப் பாக்கவே பயமா இருந்துச்சு. தெரிஞ்சா நீ என்னை மன்னிக்கவே மாட்டேன்னு நெனச்சேன்."

அண்ணி என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். என்னிடம்.

நான் அவளை அணைத்துக்கொண்டேன். ஈரக் கைகளோடு என் தோளில் சாய்ந்தாள். வெகுநேரம் கழித்து, தலையைத் தூக்காமல் கேட்டாள்: "நீ இத்தனை பேரைப் பாத்திருக்கே. அந்த ஒரு மாசமும் அவருக்கு ரொம்ப வலிச்சிருக்குமா? எங்கிட்டகூடக் கொஞ்சம்தான்னு சொன்னார்."

போனவர்களின் வீட்டார் எல்லாரும் போனில் என்னிடம் கேட்பது இதைத்தான். அவ்வளவாகத் தெரிந்திருக்காதுங்க என்று சொல்வேன். அது மனப்பாடமாகவே நாக்கு நுனியில் இருக்கும், அப்போதும் இருந்தது.

"ரொம்ப வலிச்சிருக்கும், அண்ணி" என்றேன்.

அவள் என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் போன பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.